கல்மாவுக் கோலம்

2006 ஜூன் 12

பீங்கான் தொழிற்பேட்டைச் சங்கத்தின் எழுத்தராக, நாட்டின் வளர்ச்சிக்கு இன்று என்னால் ஆனதைச் செய்தேன். கூட்டத்துக்கு வடை சொன்னேன்.

நாடுகள் தமக்கு எது முக்கியம் என்று சொல்கின்றனவோ, அதற்குப் பணம் திரட்டித் தரும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இருக்கிறதாம். தொழிலாளர் நலம் முக்கியம் என்று நாமும் சொல்லியிருக்கிறோம். ஆகவே எங்கள் கல் அரைக்கும் கொட்டகைக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் கேட்டிருக்கிறோம். 26-ம் தேதி நேரில் பார்க்க வருகிறார்கள்.

ஜூன் 15

டீ நேரம். அரவை நின்றிருந்தது. கொட்டகையில் இருமல்: குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. கோவிந்தராசுவின் இருமல். கல்மாவு நுரையீரலில் படிந்து அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. எட்டிப் பார்த்தேன். அவர் மனைவி விருத்தாம்பாள் மட்டும் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா இருமினீங்க?"

"இல்லியே சார்."

நான் பௌதிகம் படித்தவன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 25

நாளைக்கு வருகிறார்கள். கொட்டகையைக் கழுவிவிட்டார்கள்! சுவருக்குச் சுண்ணாம்பு, கூரைக்குத் துடைப்பம், தரைக்குக் குழாய்த் தண்ணீர். கழுவாதீங்க, தூசியைப் பாக்கத்தானே வராங்கன்னு கத்தினேன். யாரு கேட்டா?

தலைவர் மாணிக்கவேல், "யோவ், உன் வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா குப்பையவா காட்டுவ?" என்றார்.

விருத்தாம்பாளும் அவர் கட்சி. "வரவங்க காறித் துப்பிட்டுப் போவட்டுமா சார்? மானம் போயிடும்."

"உங்களுக்குத்தானேம்மா அந்த மிஷினு."

"நல்லா இருந்தாத்தான் சார் குடுப்பாங்க."

ஜூன் 26

வாசலில் பெரிய கோலம். விருத்தாம்பாள் போட்டது. கோலமாவு வாங்கப் போகவில்லை. கொட்டகையில் இல்லாத மாவா?

வந்த அம்மையார் குனிந்து குனிந்து படம் எடுத்தார். உபசாரத்துக்காக அரவையை நிறுத்திவைத்திருந்தோம். "தூசி எங்கே?" என்று கேட்டார். நான் கோலத்தைக் காட்டினேன். "மிக அழகு" என்றார்.

ஆகஸ்ட் 9

எங்கள் மனுவை அனுப்பிவைத்த சென்னை அதிகாரி தொலைபேசியில்: "உங்க ஊர்ல தூசியே இல்லன்னு அந்தம்மா எழுதிட்டாங்க சார். சந்தோஷமான விஷயந்தானே. இன்னும் மோசமான ஊருக்குக் குடுக்குறாங்க."

மாணிக்கவேல் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10

இருமல்.

நவம்பர் 20

இன்று இருமியது விருத்தாம்பாள்தான். பார்த்தேன். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. புருஷனிடமிருந்து வேறென்ன வந்தது அவருக்கு?

2007 ஜனவரி 4

அந்த நிறுவனத்தின் நாட்காட்டி தபாலில் வந்தது. ஜனவரிக்கு எங்கள் கோலம். அதன் கீழே, 'தூய்மையான பணியிடம்'. நல்லூரில் தன் தங்கை வீட்டில் படுத்திருக்கும் விருத்தாம்பாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூச்சு வாங்க வாங்கப் பார்த்தார்.

"அந்த மூலையில ஒரு இழை விட்டுப்போச்சு, பாத்தீங்களா? யாரும் சொல்லலியே."

ஜனவரி 19

விருத்தாம்பாளை அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 6

கொட்டகைக்குப் புது ஆள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும் கண்ணம்மாள். இந்த ஊரில் யாரையும் தெரியாது. டீ நேரத்தில் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"சார், உள்ள எனக்குத் துணைக்கு ஆளு இருக்குதுன்னு சொல்லவே இல்லியே."

"யாரும் இல்லையேம்மா."

"ரெண்டு பேரு இருமுறாங்களே?"