அரிசி கடித்துப் பார்க்கும் பல்

என் அன்பான தவம் அண்ணைக்கு,

விரி என்கிற இடத்தில் உள்ள நம் அரிசிக் கிடங்கிலிருந்து எழுதுகிறேன். காலையில் வந்த அரிசி மூட்டைகளை இறக்கியாயிற்று. இப்போதுதான் உங்களோடு கதைக்க நேரம் கிடைத்தது. முதலில் செய்தி: எனக்கும் பல் கட்டியாகிவிட்டது. சிரிக்காதீர்கள்.

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் நீங்கள் வான் வண்டியில் வைத்து அரிசி விற்ற காலம் நினைவிருக்கிறதா? புக்கெகோஹித் தோட்டத்தில் கரட் கழுவிப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்த நான் ஒரு பை அரிசி வாங்க வந்தேன். உங்களுக்கு அரிசி கொடுக்க வந்த வியாபாரி பக்கத்தில் நிற்க, நீங்கள் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தீர்கள்.

“தம்பி, நான் பல்லுச் செட் போட்டிட்டன். கடிச்சால் ஒண்டும் தெரியேல்லை. நீ ஒருக்காக் கடிச்சுச் சொல்லு.”

பழைய அரிசி கடைவாயில் டக்கென்று உடையும். இது உடையாமல் பல்லில் அப்பியது. “புது அரிசி அண்ணை. சோறு களியாப் போகும்” என்றேன். வியாபாரி என்னை முறைத்தார். நீங்கள் சிரித்த சிரிப்பில் மேல் செட் கீழே இறங்கி வந்தது. “அடுத்த ஞாயிறும் வா” என்றீர்கள். அப்படித்தான் உங்கள் பங்காளி ஆனேன்.

அந்தச் செட்டை வைத்து எவ்வளவு பகிடி! கோயில் மண்டபத்தில் உழுந்துவடை செட்டுக்கடியில் புகுந்து பல் முரசைக் குத்துகிறதென்று, அதைக் கழற்றித் தாளில் சுற்றி இலையோரம் வைத்தீர்கள். கதை மும்முரத்தில் அதோடு இலையை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். நாம் இருவரும் தோள்வரை கையை விட்டுத் தேட, உங்களைக் கட்டிய பாவத்துக்குச் செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டா. “நகையைத் துலைச்சவை மாதிரித் தேடுறியள். ஆக்கள் பாக்கினம், முதல் வாயை மூடுங்கோ!”

நீங்கள் கண்ணை மூடிய பிறகு என் கடைவாய்ப் பற்களும் ஒவ்வொன்றாகப் போயின. சீனி வருத்தம், பழுதான முரசு. ஒருவருக்கும் சொல்லவில்லை. பல் இல்லாவிட்டால் கிடங்கில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற பயம். முன்பல்லால் கடித்து, முகர்ந்து, தலையாட்டிச் சமாளித்தேன்.

ஒருநாள் வந்த அரிசியைப் பழசு என்றேன். இப்போது உங்கள் பங்கை நடத்தும் செல்வி அக்கா என் கையிலிருந்தே ஒரு மணியை எடுத்துக் கடித்தா.

“இதையோ பழசு எண்டனி? வாயைத் திற.”

திறந்தேன்.

“ஐயோ, இது வாயோ, காலிக் கிடங்கோ!”

“அண்ணை என்னைப் பல்லுக்குத்தானே அக்கா சேர்த்தவர்?”

“விசரா. பல்லுக்கெண்டால் எனக்குப் பல்லு இல்லையோ? விக்கிறவன் பக்கத்திலை நிக்கேக்கையே அரிசி கூடாதெண்டு சொன்னாய். அதுக்குத்தான் சேர்த்தவர்.”

அண்ணை, இதை ஏன் ஒருநாளும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை?

அடுத்த வாரமே அக்கா என்னைப் பல் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனா. மதுரைப் பக்கத்துப் பிள்ளை. படத்தைக் காட்டி விளக்கினார். “வலது பக்கம் எலும்பு நல்லா இருக்கு அங்கிள், இம்ப்ளான்ட் வைக்கலாம். எலும்புக்குள்ள திருகு மாதிரி இறக்கி, அது பிடிச்சதும் மேல பல்லு. மாசக்கணக்குல ஆகும், முதல்ல சுகரைக் குறைங்க. இடது பக்கம் பல்லு போய் ரொம்ப நாளாச்சு, எலும்பு கரைஞ்சிருக்கு. அங்க கழட்டி மாட்டுற செட்டே போதும்.”

“ரெண்டையும் சேர்த்து எடுத்தால் விலை குறைப்பீங்களோ?”

“இது என்ன வெங்காயமா அங்கிள்?”

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: அரிசி மணியைக் கடித்தால் தெரியுமா? “நல்லா மெல்லலாம். ஆனா சொந்தப் பல்லு உணர்ற மாதிரி ரெண்டுமே உணராது.” விற்கிற பொருளின் குறையைத் தானே சொல்கிற ஆளிடம் நம்பி வாயைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

இப்போது வலது பக்கம் இம்ப்ளான்ட், இடது பக்கம் செட். முறுக்கு வலது பக்கத்துக்கு, சோறு இரண்டுக்கும். படுக்கும்போது செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போடுகையில், உங்கள் கோப்பையைப் பார்த்து நான் அடித்த பகிடியெல்லாம் திரும்பி வருகிறது.

இன்று காலை வந்த அரிசியை வலது பக்கம் வைத்துக் கடித்தேன். உடைந்தது. எப்படி உடைந்தது என்று தெரியவில்லை. விற்கிறவர் என் வாயையே பார்த்தபடி நின்றார்.

“அக்கா, எனக்குத் தெரியேல்லை. நீங்கள் கடிச்சுச் சொல்லுங்கோ” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கியது. வியாபாரி பக்கத்தில் நிற்க, உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லி முன்பின் தெரியாத ஒருவன் கையில் அரிசியை வைத்தீர்களே. அன்று துணிச்சல்காரன் நான் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன்! அந்த ஒரு பிடி அரிசியில்தான் என் வீடு, என் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நிற்கிறது. நன்றி அண்ணை.

அக்கா கடித்துப் பார்த்து, “பழசுதான், இறக்கு” என்றா. இறக்கினோம்.

தெரியாத அரிசியைத் தெரிந்ததாகச் சொல்லி இந்தக் கிடங்கிலிருந்து ஒரு மூட்டையும் அனுப்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்களுக்காக அரிசி கடித்த தம்பி,
குணம்