லோனில் போன கீப்பர்

விழுப்புரம்
3.2.2025

அன்புள்ள ஃபஸீஹா,

முகாமில் கோச் எங்கள் போன்களை வாங்கிப் பூட்டிவிட்டார். அதனால்தான் கடிதம். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் இங்கே வேலைக்கு வரும் காந்திமதி அக்கா கொண்டுவந்து தருவார்.

நேற்று கால்பந்து டோர்னமென்டில் முழு ஆட்டமும் ஆடினேன். நம் அணியில் மூன்று வருடமாகக் கீப்பர் கிருஷ்ணவேணியின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தவள், இவர்களுடைய கீப்பருக்கு விரல் ஒடிந்ததால் ஒரு மாத லோனில், இரவல் ஆட்டக்காரியாக வந்து நேராகக் கோல் போஸ்ட்டில் நின்றுவிட்டேன். ஒரு கோலும் விடவில்லை. என் பெயர் யாருக்கும் தெரியாது. "ஏய் லோனு, பந்து வருது பாரு" என்கிறார்கள். நான் கூச்சக்காரி என்பதும் தெரியாது, அது பெரிய வசதி. "லெஃப்ட்ல ஆளு நிக்குது, புடி" என்று கத்தினேன். கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

அன்புடன்,
ஆர்த்தி

திண்டிவனம்
8.2.2025

லோனு மேடம் அவர்களுக்கு,

உன் கடிதத்தை அணிக்கே படித்துக் காட்டினேன். நீ கத்தியதை ஒருத்தியும் நம்பவில்லை.

இங்கே கிருஷ்ணவேணிக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. கீப்பர் வேலையே தெரியாதவளை நிறுத்தித் தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். "அந்தப் பொண்ண ஜல்தியா திருப்பி அனுப்பச் சொல்லு" என்று செயலாளர் முத்துசாமி சார் குதிக்கிறார். மாதம் முடியாமல் கூப்பிட முடியாதாம். உன்னை அனுப்பச் சொன்ன கேப்டன் நான் அல்லவா, தினமும் திட்டு எனக்குத்தான். லோன் போகிறவளுக்கு நல்லது. அனுப்பியவர்களுக்குப் பேஜாரு.

உன்,
ஃபஸீஹா

விழுப்புரம்
17.2.2025

அன்புள்ள ஃபஸீஹா,

ஃபைனலில் விழுப்புரமும் திண்டிவனமும்.

லோனில் போகிறவள் சொந்த அணியை எதிர்த்து ஆடக்கூடாது என்று வழக்கமாக லோன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள். நம் சார் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "அவங்க மொத மேட்ச்லயே மூட்டை கட்டிடுவாங்க, அதப் போய் எவன் எழுதிக்கினு இருப்பான்." அந்த வரி இல்லாததால் நான்தான் நிற்க வேண்டும்.

"அவங்க கேப்டன் பெனால்டி எந்தப் பக்கம் அடிப்பா?" என்று இங்கே கேட்டார்கள். தெரியாது என்றேன். இடது மூலையைப் பார்ப்பாய், வலது மூலையில் அடிப்பாய். அது எனக்குத் தெரியாதா? காய்ச்சல் என்று படுத்துவிடட்டுமா? நீ சொல்.

ஆர்த்தி

திண்டிவனம்
19.2.2025

ஆர்த்தி,

படுத்தால் நேரில் வந்து உதைப்பேன். எனக்காக ஒரு பந்தை விட்டாய் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் பேச மாட்டேன்.

ஃபஸீஹா

விழுப்புரம்
24.2.2025

அன்புள்ள ஃபஸீஹா,

நீ இடது மூலையைப் பார்த்தாய். நான் வலது மூலைக்குப் பாய்ந்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது. எங்களுக்கு ஒரு கோல், உங்களுக்கு இல்லை. எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு "ஆர்த்தி, ஆர்த்தி" என்றார்கள். லோனு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மேலேயிருந்து உன்னைத் தேடினேன். நீ வேனில் ஏறிவிட்டாய், திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கேயே இருந்துவிடச் சொல்கிறார் கோச். முடியாது என்றேன். வெள்ளிக்கிழமையோடு லோன் முடிகிறது, சனிக்கிழமை வருகிறேன். என்னோடு பேசுவாயா?

உன்,
ஆர்த்தி

திண்டிவனம்
26.2.2025

என் ஆர்த்திக்கு,

முத்துசாமி சார் முன்னால் அழக்கூடாது என்றுதான் வேனில் ஏறினேன்.

பெனால்டிக்குப் பந்தை வைக்கும்போது உன் டிஃபென்ஸ் ஆட்களைப் பார்த்து நீ கத்தினாய். "யாருடி அது, நம்ம ஆர்த்தியா?" என்று கிருஷ்ணவேணி வாய் பிளந்தாள். நம் மைதானத்தில் அந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எந்தப் பக்கம் பாய்வாய் என்று தெரிந்தும் கால் பழகிய பக்கமே போனது.

கிருஷ்ணவேணியின் கை சரியாகிவிட்டது. சனிக்கிழமை வந்தால் உனக்குப் பெஞ்சும் பாட்டிலும்தான். சாரிடம் சொல்லிவிட்டேன்: "அவ அங்கயே ஆடட்டும் சார்." திட்டித் தீர்த்தார், பிறகு உன்னை அந்த அணிக்கே மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டார். இனி நீ லோன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளவுஸோடு வா. இடது மூலையில் அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். இங்கே யாரை நிறுத்தி அடித்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, நீ நின்றால்தான் தெரியும்.

உன்,
ஃபஸீஹா