மூடிமேல் தணல்

19 ஜனவரி 1966, புதன்

பொங்கலன்று பக்கத்துப் போர்ஷன் ரேணுகாம்பாள் அக்கா கொண்டுவந்த பொங்கலை நான் வாங்கிக்கொள்ளவில்லை. நெய், பால். அம்மா இறந்ததிலிருந்து இரண்டையும் விட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் "வேண்டாங்க" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து முற்றத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இங்கே பள்ளிக்கூட வேலைக்கு வந்து நாலு மாதம். இந்தத் தெருவில் என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

22 ஜனவரி, சனி

நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை. அரிசியையும் பயறையும் பாத்திரத்தில் அடுக்கி, ஓவனில் வைத்துச் சுடுகிறார்கள். எழுதிக்கொண்டு வந்து, சீஸ், வெண்ணெய், வெங்காயம் என்று ஒவ்வொன்றாக அடித்தேன். அரிசியும் தக்காளியும் பயறும் மிஞ்சின. பயறுக்குப் பதில் பச்சை மொச்சை.

அக்கா வீட்டுச் சமையலும் இல்லை, எங்கள் சமண வீட்டுச் சமையலும் இல்லை. அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம்தானே?

23 ஜனவரி, ஞாயிறு

ஓவனுக்கு எங்கே போவேன்? மண்சட்டியில் அரைவேக்காட்டுச் சோறு, வேகவைத்த மொச்சை, தக்காளி, தேங்காய்ப்பால், மிளகு. எல்லாவற்றுக்கும் மேலே தேங்காய்த் துருவல். பித்தளைத் தட்டால் மூடி, அதன்மேலும் தணல் கொட்டினேன். துருவல் அழகாகச் சிவந்தது. அடி பிடித்துவிட்டது.

நன்றாகத்தான் இருந்தது. சொல்ல ஆளில்லை.

30 ஜனவரி, ஞாயிறு

அக்காவை முற்றத்தில் மறித்து, நாலு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தேன். லீவு நாள்தானே என்று. அக்கா வந்தபோது ஆறரை. வெளியே இருட்டிவிட்டது.

"சேல முந்தி பாதியில நிக்குது டீச்சர், எழுந்துக்க முடியல. தறிக்காரங்களுக்கு ஏதும்மா ஞாயித்துக்கெழம?"

ஞாயிறுதோறும் சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்டேனே தவிர—

ஓர் இலை போட்டேன்.

"உனுக்கு?"

"நான் சாப்பிடலக்கா."

"ஏன், என்கூட உக்காந்தா ஒட்டிக்குமா?"

இலையைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். இருட்டினால் நாங்கள் சாப்பிடுவதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நாங்கள்' என்று இங்கே யாரைச் சேர்த்துச் சொல்வது? இத்தனை படிச்சு என்ன? வாய் வரலியே.

4 பிப்ரவரி

தறிச் சத்தம். வேறொன்றும் இல்லை.

9 பிப்ரவரி, புதன்

குழாயடியில் சொல்லிவிட்டேன். இருட்டில் பூச்சி விழுந்து சாகும் என்பதால் பொழுதோடு சாப்பிட்டுவிடுவோம் என்பதையும், நெய், பால், வெங்காய விஷயத்தையும்.

"இத அன்னிக்கே வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போயிடுவ?" குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

20 பிப்ரவரி, ஞாயிறு, அமாவாசை

காலையிலிருந்து என்னவோ குறைந்தது போலிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகுதான் புரிந்தது, தறிச் சத்தம் இல்லை.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பழந்துணி சுற்றிய கையில் மண்சட்டி. மூடிமேல் தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

"அமாவாச, எங்களுக்கு லீவு. வெங்காயமும் கெடையாது, நெய்யும் ஊத்தல. அன்னிக்கு நீ மூடிமேல நெருப்பு கொட்டிக்கினு இருந்தத ஜன்னல்ல பாத்தேன். எதுக்குடா இதுன்னு சிரிச்சேன். சீக்கிரம் எலயப் போடும்மா, வெயில் போயிடப் போவுது."

இரண்டு இலை போட்டேன்.

மொச்சை சரியாக வேகவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.