நாற்பத்தொரு ஹெர்ட்ஸ்

நாள் 212. காலை 09.10

இரண்டாம் வண்டி. செவ்வாய்க் கோள், வறண்ட ஆற்றுப்படுகை. நிலையத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். வானம் தெளிவு. வண்டியில் நான் மட்டும்: நிலோபர், நில அதிர்வுப் பிரிவு.

வேலை: வண்டியின் ஒத்ததிர்வெண்ணை அளப்பது. எந்த வண்டிக்கும் அதன் உடம்பு முழுவதும் சேர்ந்து நடுங்கும் ஓர் எண் உண்டு. அதை அனுப்பினால் நிலையத்தின் அதிர்வுமானி அந்த எண்ணை மட்டும் கழித்துவிட்டு, மீதியைக் கேட்கும். வண்டி இரைச்சலைக் கோளின் நாடித்துடிப்பு என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

கருவி, ஜெபராஜின் சப்வூஃபர்: அடித்தொனி ஸ்பீக்கர். எங்கள் மெக்கானிக். நாகர்கோவிலில் கார்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொண்டிருந்தவன். பாறை மாதிரிகள் வைக்கும் பெட்டியை அறுத்து ஒன்று செய்து, பின்னிருக்கைக்கு அடியில் தரையோடு போல்ட் போட்டிருக்கிறான். கமாண்டர் துரைசிங்கம் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார். ஜெபராஜ் சொல்லித்தந்த முறை எளிது: டேஷ்போர்டில் ஒரு கரண்டியை வை. இருபதிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்று. கரண்டி எதற்கு ஆடுகிறதோ அதுதான் வண்டியின் எண்.

ரேடியோவில் அவன்:

"நிலோ, கதவு நல்லா அடைஞ்சிருக்கான்னு பாத்துக்க. காத்துதான் வண்டிக்க ஸ்பிரிங்கு, கேட்டியா? காத்து கொறஞ்சா அது வேற வண்டி. சும்மா ம்ம் கொட்டாத. வாயத் தொறந்தா காத்து போயிருமாக்கும்?"

நாற்பத்தொன்றில் கரண்டி நடந்துபோய்க் கீழே விழுந்தது. அனுப்பினேன். நிலையத்தில் லோகநாயகி பதிந்துகொண்டாள்.

"நாப்பத்தொண்ணு கழிச்சாச்சுக்கா. இனி உங்க வண்டி எங்களுக்குக் கேக்கவே கேக்காது."

நாள் 212. மாலை 16.40

புயல். ஒதுங்குவதற்காக வடக்குப் பாதையை விட்டுத் தெற்குப் பள்ளத்தில் இறங்கினேன். அதைச் சொல்ல மைக்கை எடுத்தபோது சரிவு இடிந்தது. வண்டி மணலுக்குள். கதவுகள் அசையவில்லை. ரேடியோவில் கேட்க முடிகிறது, மைக் உடைந்ததால் பேச முடியவில்லை. காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது. பேட்டரி மூன்று நாள் தாங்கும்.

கரண்டியைத் தேடி எடுத்துத் திரும்ப டேஷ்போர்டில் வைத்தேன். ஏனென்று தெரியவில்லை. கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது.

நாள் 213. காலை 08.00

குரல் இல்லையென்றால் என்ன, தரை இருக்கிறது. விடிந்ததிலிருந்து நாற்பத்தொன்றில் அடிக்கிறேன். மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி. வண்டி முழுவதும் நடுங்குகிறது. பல் கூசுகிறது. அதிர்வுமானிக்கு இது கேட்காமல் போகாது.

நாள் 213. காலை 10.25

"வடக்குப் பாதைய ரெண்டு தடவ அரிச்சாச்சு சார். டயர் தடம்கூட இல்ல." ஜெபராஜ்.

"அதிர்வுமானி?" கமாண்டர்.

"சுத்தமா இருக்கு சார். ஒரு சத்தமும் இல்ல." லோகநாயகி.

சுத்தமா. அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றேன். கூரையில் தலை இடித்தது. சுத்தம் செய்ய எண் கொடுத்ததே நான்தான். என்னால் உரக்கக் கூப்பிட முடிந்த ஒரே எண்ணை, அவர்கள் கேட்காமலிருக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

நாள் 213. பிற்பகல் 14.00

முப்பது, முப்பத்தைந்து, ஐம்பது. எதற்கும் கரண்டி அசையவில்லை. பெட்டி பாடுகிறது, வண்டி சேர்ந்து பாட மறுக்கிறது. வண்டி உதவாமல் இந்த மணலைத் தாண்டி எதுவும் போகாது.

உட்காருகிறேன், எழுகிறேன். கொண்டுவந்த நாவலில் ஒரே பத்தியை ஐந்தாறு முறை படித்தேன். அதில் ஒருத்தி ஜன்னலைத் திறக்கிறாள். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

வேறு எண் வேண்டுமென்றால் வேறு வண்டி வேண்டும். காற்று குறைந்தால் இது வேறு வண்டி.

நாள் 214. காலை 07.30

பேட்டரி நினைத்ததைவிட வேகமாக இறங்குகிறது. சப்வூஃபர் தின்றுவிட்டது. காத்திருந்தால் இன்று மாலை வரை. வெளியே விட்ட காற்று திரும்பாது. அதன் பிறகு விண்வெளி உடையில் உள்ள ஐந்து மணி நேரம்தான்.

உடையை மாட்டிக்கொண்டேன். வண்டிக் காற்றை வெளியே விடும் வால்வைத் திறந்தேன். கண்ணாடியில் பனிப்பூ படர்ந்தது. முப்பத்தாறில் கரண்டி ஆடியது. மூடிவிட்டு, அதே எண்ணில் அடிக்க ஆரம்பித்தேன்.

நாள் 214. காலை 08.15

"சார், முப்பத்தாறுல ஏதோ வருது. விட்டு விட்டு." லோகநாயகி.

"ஒண்ணாம் வண்டியோட பம்பா இருக்கும்மா. பதிஞ்சு கழிச்சிடு."

"சரி சார்."

சிரிப்பு வந்தது, கண்ணாடிக்குள் மூச்சு படிந்தது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

யோசி. இயந்திரத்துக்கு ஓர் எண்தான். அது அங்கேயே நிற்கும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் அது இயந்திரமில்லை. அப்படியென்றால் வால்வை மூடக்கூடாது.

நாள் 214. காலை 08.40

திறந்தாயிற்று. முப்பத்துநான்கு. முப்பத்திரண்டு. காற்றின் பின்னாலேயே எண்ணைத் திருகிக்கொண்டு போகிறேன். சத்தம் காதில் இல்லை. முதுகெலும்பில் இருக்கிறது.

"லோகா, அதுல கை வைக்காத! இங்க பாரு, எறங்குது. பம்பு எறங்குமா? மொதல்ல அந்த நாப்பத்தொண்ணக் கழிச்சத எடு, நேத்தைக்கு உள்ளத காட்டு." ஜெபராஜ்.

முப்பத்தொன்று. முப்பது. திருகிக்கொண்டே இருந்தேன்.

"ஐயோ. நேத்து முழுக்க அடிச்சிருக்கா."

பிறகு கத்தினான்:

"அவ காத்த எறக்குதா சார்! நிலோ, கேட்டாச்சு, கேட்டாச்சு மக்கா! எல்லாத்தையும் தொறந்தாச்சு, இனி எதையும் கழிக்க மாட்டோம். வால்வ மூடு! தெக்கால இருந்து வருது, நாங்க வாறோம். மூடு புள்ள!"

நாள் 214. காலை 08.55

வால்வை மூட முடியவில்லை. உறைந்துவிட்டது. சுத்தியலால் தட்டினேன். பிடி கையோடு வந்துவிட்டது.

இருபத்தாறு. அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இடம் கண்டுபிடிக்க. அவன் பேசிக்கொண்டே வருகிறான். பாதை, பாறை, துரைசிங்கம் சார் வண்டி ஓட்டும் விதத்துக்கு ஒரு வசவு.

நாள் 214. 11.20

ரேடியோ போய்விட்டது. பேட்டரியில் மிச்சம் பெட்டிக்கு மட்டும். எண் இப்போது பதினாறு. ஸ்பீக்கரின் கூம்பு துடிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். உடையில் ஒரு மணி நேரமோ, கூடவோ. வாயைத் திறந்தால் காற்று போகத்தான் செய்கிறது ஜெபா. போனால் போகட்டும்.

நாள் 214.

பதினொன்று. கரண்டி அசையவில்லை. வண்டியில் காற்றே இல்லை

பெட்டியை அணைத்துவிட்டேன். கை குளிர்

கரண்டி ஆடுகிறது. மூன்று ஆட்டம், இடைவெளி, மூன்று ஆட்டம்.

பெட்டி அணைந்திருக்கிறது. பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். கரண்டி ஆடுகி