ஒரு ஜோடி கையுறை

ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமா எழுதுகிறேன். நலம் என்று எழுத மனம் வரவில்லை. உன் அத்தைக்கு நேற்றும் காய்ச்சல். ஃபோன் செய்தால் "சரி மாமா, பாக்கறேன் மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. அதனால் எழுதி உன் புருஷன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வேறு எதற்கும் உதவாதவன், தபால்காரனாகவாவது இருக்கட்டும்.

இடுப்பு எலும்புக்குத் தகடு வைத்தார்கள். நன்றாகத்தான் வைத்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. இந்நேரம் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்க வேண்டியவள். தையலில் சீழ் பிடித்து, மறுபடியும் திறந்து கழுவி, இப்போது தனி அறையில் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கிருமியை அவள் வீட்டிலிருந்தா கொண்டுவந்தாள்? உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்தது. உன் சட்டையில் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் என்று எழுதிக் குத்தியிருக்கிறது. சொந்த மாமியாருக்கே தடுக்க முடியவில்லையே என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

வார்டு வாசலில் நீதானே அந்தப் படத்தை ஒட்டினாய்? "கை கழுவினீர்களா என்று எங்களைக் கேளுங்கள்." நான் கேட்டேன். பெரிய டாக்டரையும் கேட்டேன். ரத்தம் எடுக்க வந்தவனைக் கேட்டேன். சிலர் சிரித்துக்கொண்டு கழுவினார்கள், சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கழுவினார்கள். நீங்கள் எல்லாரும் மின்னல் என்று கூப்பிடுகிறீர்களே, அந்த நர்ஸ் பெண், பக்கத்துக் கட்டிலில் வாந்தி எடுத்தவரைத் தாங்கிப் பிடித்துவிட்டு, அதே கையோடு வந்து உன் அத்தையின் டிரிப்ஸ் குழாயைத் தொட்டாள். நான் கேட்பதற்குள் தொட்டுவிட்டாள். புகார் எழுதிக் கொடுத்தேன். அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

நீ அத்தைக்காக அழுவாய் என்று பார்த்தால், அவளுக்காக அழுதாயாம். தபால்காரன் சொன்னான்.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 6

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். முதலில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீழைச் சோதித்ததில் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்திருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வேளையாவது போகட்டும், பிறகுதான் எதுவும் சொல்ல முடியும். காலையில் என்னைப் பார்த்ததும் "உங்க மாமா சாப்டாரா?" என்றுதான் கேட்டார்.

மின்னல் கை கழுவாமல் குழாயைத் தொட்டது உண்மை. அவளே என்னிடம் வந்து சொன்னாள், நான் மறைக்கவில்லை. அதற்கு அவளுக்குத் தண்டனை கொடுத்தால் ஏற்றுக்கொள்வாள். ஆனால் உங்கள் புகாரின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "என் மனைவிக்குக் கிருமி வந்தது இவள் கையால்தான்." யார் கையால் வந்தது என்று எங்களில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது மாமா. அந்த வரி நின்றால் அவள் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்கள். வேறு ஆஸ்பத்திரியிலும் சேர்க்க மாட்டார்கள். புதன்கிழமை விசாரணை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புகாருக்கு முந்தின நாள் அவளுக்கும் உங்களுக்கும் ஏதோ பேச்சு நடந்ததே. அதைப் புகாரில் எழுதவில்லையே, ஏன்?

பணிவுள்ள,
மருமகள்


ஜூன் 7

மருமகளுக்கு,

ஏன் எழுதவில்லை என்றா கேட்கிறாய்? எழுத அசிங்கமாக இருந்தது.

பார்வை நேரம். வார்டு நிறைய ஜனம். உன் மின்னல் என் எதிரில் வந்து நின்று, "தாத்தா, அந்த கிளவுஸ கழட்டிப் போட்டுட்டு கைய கழுவிட்டு வாங்க. காலைலேர்ந்து அதையேதான் போட்டிருக்கீங்க" என்றாள். எதிர்க் கட்டிலில் ஒருவன், "எல்லாரயும் கேட்டவருக்கே இன்னிக்கு கேள்வி வந்திடுச்சு" என்று சிரித்தான்.

நான் பேட்டரிப் பட்டறை வைத்திருந்தவன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். ஆசிட்டில் விரல் வெந்து போனவர்களை எனக்குத் தெரியும். என் கையைப் பார், குழந்தைக் கை மாதிரி இருக்கிறது. ஏன்? பட்டறையில் நுழைந்ததும் போடும் கையுறையை, கதவைப் பூட்டும்போதுதான் கழற்றுவேன். ஆஸ்பத்திரியிலும் அதே ஒழுங்குதான். உள்ளே வந்ததும் போடுவேன், வீட்டுக்குக் கிளம்பும்போது கழற்றுவேன். நடுவில் கை வெளியே தெரியாது. அந்தக் கட்டடத்தில் என்னைவிடச் சுத்தமாக யார் இருந்தார்கள், சொல்.

வரியை எடுக்க மாட்டேன். பார்த்ததை எழுதினேன்.

மாமா


ஜூன் 8

மாமாவுக்கு,

இதை உங்கள் எதிரில் நின்று என்னால் சொல்ல முடியாது. அதனால் நீங்கள் கடிதத்தை ஆரம்பித்து வைத்தது நல்லதுதான்.

பட்டறையில் நீங்கள் போட்ட கையுறை உங்கள் கையைக் காப்பாற்ற. ஆசிட் வெளியே, கை உள்ளே. வார்டில் காப்பாற்ற வேண்டியது உங்கள் கையை அல்ல மாமா, அத்தையின் புண்ணை. அங்கே அந்தக் கையுறையின் வெளிப்பக்கம்தான் ஆசிட்.

நான் ஒரு நாள் காலை வாசலில் நின்றிருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அத்தையின் சிறுநீர்ப் பையைக் காலி செய்தீர்கள். கழிவறைக் கதவைத் திறந்து மூடினீர்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தலையணையைச் சரிசெய்து கொடுத்தீர்கள். பிறகு அத்தையிடம் வந்து, கட்டின் ஓரத்தில் பிளாஸ்திரியைக் கொஞ்சம் தூக்கி, புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்து, திரும்ப அழுத்தி ஒட்டினீர்கள். எல்லாம் அந்த ஒரே ஜோடிக் கையுறையோடு.

வேறு யாராக இருந்தாலும் நான் அங்கேயே தடுத்திருப்பேன். பெரிய டாக்டரையே தடுத்திருக்கிறேன், என் வேலையே அதுதான். உங்களிடம், "மாமா, கைய கழுவுங்க" என்று மூன்று வார்த்தை எனக்கு வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டேன். போய் மின்னலிடம், "எனக்கு மாமனாரா போயிட்டார், நீ சொல்லிடேன்" என்றேன்.

அவள் சொன்னது என் வேலையை. அதனால்தான் அழுதேன்.

அத்தைக்கு இன்று மாலை மறுபடியும் காய்ச்சல் ஏறியிருக்கிறது. மருந்து கேட்கவில்லை என்றால் தகட்டை எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். மறைக்காமல் எழுதுகிறேன்.

மருமகள்


ஜூன் 10

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு நான் அறைக்குள் போகவில்லை. வாசலில் நின்றபடி உன் அத்தையிடம் கேட்டேன், "இவ எழுதியிருக்கறது நெஜமா?" என்று.

"நெஜந்தான். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ரெண்டு நாள் பேசமாட்டீங்க. படுத்த படுக்கையா கெடக்கறப்ப அது வேறயா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பும்போது வலியில் முனகினாள். உள்ளே போய்ப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை.

நான் ஊரையெல்லாம் கேட்டேன். என்னைக் கேட்க என் வீட்டில் ஒரு ஆள் இல்லை. மகன் தபால்காரன். பெண்டாட்டி புண்ணோடு பேசாமல் படுத்திருந்தாள். நீ படித்தவள், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறவள், திரும்பிப் போய்விட்டாய். இதையா மரியாதை என்று நினைத்தாய்? சம்பந்தமில்லாத ஒருத்திதான் கேட்டாள். அவள் சாப்பாட்டில் நான் கை வைத்துவிட்டேன்.

இன்று விசாரணைக்குப் போனேன். புகாரைத் திரும்ப வாங்கவில்லை. நான் பார்த்தது பார்த்ததுதான், அவள் கழுவாமல்தான் தொட்டாள். அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, எல்லார் முன்னாலும் இப்படி எழுதினேன்: "கிருமி இவர் கையால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. என் கையுறையாலும் வந்திருக்கலாம். கழுவாத கையுறையோடு நான் புண்ணின் கட்டைத் தொட்டேன். கழற்றச் சொன்னது இவர் ஒருவர்தான். அதைப் பார்த்தும் கேட்காமல் போனவர் தொற்றுத் தடுப்பு சிஸ்டர், என் மருமகள்."

அதைப் படித்துப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவரே, இது உங்க வீட்டு ஆள் வேலைக்கே வந்து நிக்கும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். வெளியே வந்ததும் உன் புருஷன் பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தை என்மேல் போட்டான். போடட்டும். உனக்கு என்மேல் வருத்தம் இருந்தால் இருக்கட்டும், நான் எழுதியதில் பொய் இருந்தால் மட்டும் சொல். மின்னலுக்கு எச்சரிக்கையோடு வேலை உண்டு என்று சொல்லிவிட்டார்கள். உன் விஷயம் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

நாளை உன் அத்தையைத் தகடு எடுக்கக் கொண்டுபோகிறார்களாம். அதற்கு முன் ஒரு தடவை அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். காலையில் வருகிறேன். கையுறை இல்லாமல் வருகிறேன். வாசலில் நீ நில். நான் கழுவிவிட்டுத்தான் வந்திருப்பேன், இருந்தாலும் கேள். ஜனம் நிறைய இருந்தால் சத்தமாகவே கேள்.

நீ கேட்காமல் நான் உள்ளே வரமாட்டேன்.

மாமா