ஒரு மணி நேரம் கூடுதல்

மே 4

எங்கள் டிரெய்லர் வீட்டை இந்தச் சுற்றுலா முகாமின் பதினாலாம் இடத்தில் நிறுத்தி மூன்று நாளாகிறது. கதவைத் திறந்தால் கடல். நெப்ராஸ்காவில் முப்பத்தோரு வருடம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்குக் கடல் என்றால் வரைபடத்தில் இருக்கும் நீலம்தான். என் கணவர் டுவெய்ன் முகாமின் தண்ணீர்க் குழாய்களோடு ஐக்கியமாகிவிட்டார். எனக்குக் கிடைத்த வேலை அலுவலகம், குளியலறைகள், பிறகு கடற்கரைப் படிக்கட்டில் இருக்கும் கரும்பலகை.

தினமும் காலையில் கடல் எப்போது முழுதாக வற்றும் என்று அதில் எழுத வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் முனைப் பாறையைச் சுற்றி அடுத்த விரிகுடாவுக்கு நடந்து போய்வரலாம். பிறகு வழி கிடையாது. குன்றுக்கடியில் கைப்பேசி வேலை செய்யாது, எல்லோருக்கும் பலகைதான்.

முகாம் ட்ரூடியுடையது. என் வயதுதான். "டீச்சர், கடல் நேரப் புத்தகத்துல இருக்கிற நேரத்தோட ஒரு மணி கூட்டிக்கோ. கோடை வந்தா நாம எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வெக்கிறது அதுக்குத் தெரியாது."

ஜூலை நாலு வரை எங்கள் வேலை எப்படி என்று பார்ப்பாளாம். சரிப்பட்டால் செப்டம்பர் வரை. வீட்டை விற்றுவிட்டு வந்திருக்கிறோம். சரிப்பட்டே ஆக வேண்டும்.

மே 19

ஆறு குளியலறைகள் கழுவினேன், ஒரு முடி கூடக் கிடையாது. கர்ட் தொலைபேசியில், "அம்மா, நீங்க கக்கூஸ் கழுவுறீங்களா?" என்றான். "ஆமா, உன்னோடதையும் பன்னிரண்டு வருஷம் கழுவினேன். இதுக்காவது நன்றி சொல்றாங்க" என்றேன். டுவெய்ன் சிரித்ததில் காபி சிந்தியது.

ஜூன் 15

டுவெய்ன் இன்று மறுபடியும் காபி சிந்தினார், கடல் நேரப் புத்தகத்தின் மேல். ஜூன் மாதப் பக்கங்கள் முழுக்கக் கஞ்சி. தூண்டில் கடையிலிருந்து வேறு புத்தகம் வாங்கி வந்தேன்.

ஜூன் 17

 நடந்ததை எழுதிவிட வேண்டும்.

இருபத்திரண்டாம் இடத்தில் தங்கியிருக்கும் ப்ரென்டும் இரண்டு மகள்களும் முனைக்கு அந்தப்புறம் போனார்கள். பலகையில் வற்றும் நேரம் பதினொன்று பத்து. அந்தக் கணக்குப்படி பன்னிரண்டேகால் மணிக்குத் திரும்பினால் இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. ஆனால் அலை ஏறிவிட்டிருந்தது. சின்னவளைத் தோளில் தூக்கி, பெரியவளைக் கையில் பிடித்து, பாறையைத் தடவித் தடவி வந்திருக்கிறார். ஒரு செருப்பும் சாப்பாட்டுப் பையும் போயின. உயிர் போகவில்லை.

"என் தப்புதான், நேரத்தைச் சரியா பார்க்கல போல" என்றார் ப்ரென்ட்.

அலுவலகத்துக்கு ஓடிப் புத்தகத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில்: கோடைக்கான ஒரு மணி நேரம் ஏற்கெனவே கூட்டப்பட்டது. நான் இன்னொரு மணி கூட்டியிருக்கிறேன். இரண்டு நாளாக.

கேள்வியைக் கடைசி வரை படி, கடைசி வரை படி — எத்தனை குழந்தைகளிடம் சொல்லியிருப்பேன்?

டுவெய்ன்: "அந்தாளே தன் தப்புன்னுட்டான். விட்டுடேன், லோயிஸ்."

விட முடியுமா?

ஜூன் 18

விடவில்லை. முதலில் இருபத்திரண்டாம் இடத்துக்குப் போய்ச் சொன்னேன். ப்ரென்ட் காயப்போட்டிருந்த ஒற்றைச் செருப்பைத் திருப்பிப் போட்டார். "பெரியவளுக்குத் தோள் வரைக்கும் தண்ணி, மேடம்." அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு பலகையில் பெரிதாக எழுதினேன்: "நேற்றும் முந்தின நாளும் இங்கே ஒரு மணி நேரம் தவறு. தவறு என்னுடையது. இன்று சரியான நேரம் 10:58. — லோயிஸ், இடம் 14."

ட்ரூடி வேகமாக வந்தாள். "பைத்தியமா உனக்கு? வாடிக்கையாளர் கண்ணு முன்னாடியா எழுதுவ? சாக்கடை பொங்குதுன்னு வாசல்ல போர்டு வைப்பாங்களா யாராவது?"

"போர்டுல கணக்கு தப்பா போட்டா அதே போர்டுலதான் திருத்துவேன், ட்ரூடி. அதை நோட்டுல எழுதிக்கிட்டுப் போனவங்களுக்கு வேற எப்படித் தெரியும்?"

"இது உன் வகுப்பு இல்ல."

"இல்ல. வகுப்புல யாரும் மூழ்கமாட்டாங்க."

பலகையை அழிக்கச் சொல்வாள் என்று நின்றேன். அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். டுவெய்ன் டிரெய்லர் சக்கரங்களில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்.

ஜூன் 19

ப்ரென்ட் காலை ஏழு மணிக்குப் பலகைக்கு வந்தார். "புத்தகத்தைக் காட்டுங்க. இனி தினமும் நான் பார்ப்பேன்." காட்டினேன். கடைசிப் பக்கத்தையும். நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டார். எனக்கு யாரும் சரி போட்டு எத்தனை வருடமாயிற்று!

ஜூன் 24

ப்ரென்ட் குடும்பம் கிளம்பியது. சுண்ணக்கட்டியை ஒன்பதாம் இடத்து அம்மாளிடம் கொடுத்து, "டீச்சரை நம்பாதீங்க, கூட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் எனக்குக் கையசைத்தாள்.

ஜூலை 4

இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்று சொல்லவில்லை. காலை முழுக்கக் காத்திருந்தேன். ட்ரூடி கண்ணில் படவே இல்லை.

மதியம் படிக்கட்டுக்குப் போனால், பெயின்ட் டப்பாவோடு முழங்காலிட்டிருக்கிறாள். பலகையின் நடுவே வெள்ளைக் கோடு. வலது பக்கத் தலைப்பு: "சரிபார்த்தவர்."

"சுண்ணக்கட்டிக்காக ரெண்டு பேர் சண்டை போட்டாங்க டீச்சர், தெரியுமா? தள்ளி நில்லு, காயல."

டுவெய்னிடம் சொன்னேன். "அப்போ டிரெய்லர் நகராம சக்கரத்துக்குக் கட்டை வெச்சுடவா?" என்றார்.

செப்டம்பர் 12

கடைசி நாள். ஜூன் 19 முதல் ஒரு நாள்கூட யாரும் சரிபார்க்காமல் போகவில்லை. பெருமைப்படுகிறேன். எழுதிவைத்தால் என்ன?

ஜனவரி 22, அரிசோனா

சுற்றிலும் மணல், ஒரு சொட்டுக் கடல் இல்லை. தபாலில் ஒரு தடித்த உறை. உள்ளே இந்த வருடத்துக் கடல் நேரப் புத்தகம். கடிதம் இல்லை. ஏப்ரல் 28க்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் ட்ரூடியின் கோழிக் கிறுக்கல்: "இடம் 14."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.