பழைய பிரதியில் இல்லாத பகுதி

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், தண்ணீர்த் தொட்டியை இப்போது நாங்கள்தான் கழுவ வேண்டியிருக்கிறது. எங்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார், உன் வயதுதான் இருக்கும், நோயாளியைவிட அவருக்குத்தான் கை நடுங்குகிறது. இப்படி எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை, என் மேல் இன்னும் கோபமா என்று நீ போன கடிதத்தில் கேட்டுவிட்டாய். ஒவ்வொரு தடவை நீ கூப்பிடும்போதும் அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார், இப்போதுதான் கண்ணசந்தார் என்று நான் சொன்னதெல்லாம் பொய், குட்டிம்மா. அவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினால் வேண்டாம் என்று கையாட்டிவிடுவார். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், முப்பத்து நான்கு வருஷமாகச் சமாளித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

நீ லீவுக்கு வந்தபோது நான்கு நாள் சாப்பாட்டு மேஜையில் உங்கள் இருவருக்கும் நடந்த வாக்குவாதம் உனக்கு நினைவிருக்கும். வேதத்தில் இருப்பதெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது என்று அவர் சொல்ல, பார்த்தவர் ஒருவர், கேட்டவர் இன்னொருவர், எழுதியவர் மூன்றாவது ஆள், அதுவும் எண்பது வருஷம் கழித்து, "கேள்விப்பட்ட சாட்சி செல்லாதுன்னு நீங்கதானப்பா சொல்வீங்க" என்று நீ மடக்கினாய். மூலமே கையில் இல்லை, நகலின் நகல்தான் இருக்கிறது, அதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றாய். இந்த உலகம் தானாக வந்துவிட்டதா என்று அவர் குரலை உயர்த்தினார். "தெரியாதுன்னு சொல்றதுல என்னப்பா வெட்கம்" என்று நீ கேட்டாய். எனக்கு ரசம் ஆறிப்போகிறதே என்றுதான் கவலையாக இருந்தது. அப்பனும் மகளும் மல்லுக்கட்டுவது எனக்கு ஒன்றும் புதிதில்லையே, விமானம் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ ஊருக்குப் போன மறுநாளே அவர் நீ விட்டுவிட்டுப் போன அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்துவிட்டார். எந்தப் பழைய பிரதியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, அதுதான். கூடவே நம் வீட்டு வேதத்தையும் மேஜையில் வைத்து, அடிக்கோலும் சிவப்புப் பென்சிலும் எடுத்துக்கொண்டு, "நீ வாசி, நான் பாக்குறேன்" என்று என்னை உட்கார வைத்தார்.

கோர்ட்டு நகல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் அவர் பார்த்த வேலையே அதுதானே. ஒருவர் மூலத்தை வாசிக்க, இவர் நகலைப் பார்த்துச் சரி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் வெளியே போகாது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து காபி குடித்த கையோடு உட்காருவேன், இப்படியே மூன்று வாரம். முதலில் அவருக்கு உற்சாகம்தான், "உன் மகள ஒரு கை பாக்குறேன்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே பென்சில் சீவினார். இரண்டாவது வாரம் ஓர் இடத்தில் ஒரு பிரதியில் ஒரு வரி முழுசாக விட்டுப்போயிருந்தது. "ரெண்டு வரியும் ஒரே வார்த்தையில முடியுது பாரு. எழுதுறவனுக்குக் கண்ணு தாவிடுச்சு. எங்க ஆபீஸ்ல தினம் நடக்கும்" என்றார். அடுத்த இடத்தில் யாரோ ஓரத்தில் எழுதிய விளக்கம் உள்ளே நுழைந்திருந்தது. அதையும் அவரே கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. கடைசி நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது என் மேஜைக்கு வந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்" என்றார். உனக்கு உடனே போன் செய்யலாமா என்று யோசித்தேன். செய்து என்ன சொல்வது? நீ ஜெயித்துவிட்டாய் என்றா?

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வாராவாரம் நம் வீட்டுக் கூடத்தில் அவர் நடத்தும் வாசிப்புக் கூட்டம் உனக்குத் தெரியும், பன்னிரண்டு பதின்மூன்று பேர் வருவார்கள். தலைவலி என்று சொல்லி இந்த வாரம் விட்டுவிடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். தெரிந்ததை மறைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது என்று கேட்டார். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று, கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக், உன் சைக்கிளுக்குச் செயின் மாட்டித் தருவாரே, அவர், பெற்ற மகள் பேச்சைக் கேட்டுக்கொண்டு இப்படி ஆகிவிட்டீர்களே என்று சத்தம் போட்டார். அப்பா அதற்கெல்லாம் அசையவில்லை. அப்போதுதான் தையல்கடை அக்கா கை தூக்கினாள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி உயரத் தூக்கினாள். நீ அவளைப் பார்த்ததில்லை. நீ முதல் தடவை விமானம் ஏறிப் போனபின் வந்து சேர்ந்தவள். யூனிஃபார்ம் தைக்கிறாள், தனியாள். ஒன்பது வயதுப் பெண்ணைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். செத்துப்போன மகள் ஒரு தாய்க்குத் திரும்பக் கிடைக்கும் பகுதி இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் அவள் வருவதே. அப்பாவும் மாதத்துக்கு ஒரு முறையாவது அதை அவளுக்காக வாசிப்பார். "சார், என் பகுதி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "பழைய பிரதி எதிலயும் இல்லம்மா. பின்னால யாரோ சேர்த்திருக்காங்க" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டாள், குடையை மறந்துவிட்டுப் போனாள்.

அன்றோடு கூட்டம் நின்றுவிட்டது. அவள் கடையைத் திறக்கவில்லை. அப்பா தினமும் காலையில் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டப் போவார், திறக்காத கதவைப் பார்த்துவிட்டுக் குடையோடு திரும்பி வருவார். பிரார்த்தனையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நீ நம்புறியா?" என்று என்னைக் கேட்டார். நான் நம்புகிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சோற்றில் கை வைத்தார். உண்மையைச் சொன்னால், குட்டிம்மா, எனக்கே தெரியவில்லை. நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விடும்போதெல்லாம் வாய் பிரார்த்தனையை முணுமுணுக்கிறது. அது நம்பிக்கையா பழக்கமா என்று இத்தனை வருஷமாக யாரும் என்னைக் கேட்டதில்லை, நீகூடக் கேட்டதில்லை, நானும் தோண்டிப் பார்த்ததில்லை.

போன மாதம் தையல்கடை அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், எங்கள் ஆஸ்பத்திரியில்தான். சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் இல்லை என்பதால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் போகிறேன். எனக்கு மட்டும் கதவு திறக்கும். தையல் மிஷின் மேல் பாதி தைத்த சட்டைகள் அப்படியே கிடக்கும். மருந்து விட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடியே இருக்க வேண்டும், அந்த ஐந்து நிமிடமும் நான் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருப்பேன். உன் மாதிரி படித்திருந்தால் ஏதாவது கிடைத்திருக்குமோ என்னவோ. நேற்று அவளாகவே, சாரை வரச் சொல்லுங்கள் என்றாள். அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நான் மருந்து விட்டேன். அவள் கண்ணை மூடியபடியே, "இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அத வாசிங்க சார்" என்றாள். அவர் கையோடு கொண்டு வந்திருந்த வேதத்தைப் பிரித்தார். பக்கம் தேட வேண்டிய அவசியமே இல்லை, அதுவாகவே அங்கேதான் பிரியும். முதல் வரியில் விரலை வைத்தார். "என்னால முடியலம்மா" என்றார். அவள் காத்துக்கொண்டே படுத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி நான் வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அந்தப் பெண் குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறவரைக்கும் வாசித்தேன். விட்ட மருந்தெல்லாம் கண்ணீரில் வழிந்துவிட்டது, மறுபடியும் விட வேண்டியதாயிற்று. அப்பா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில், "பொய்யின்னு தெரிஞ்சும் எப்படி உனக்கு வாசிக்க வந்துச்சு?" என்று கேட்டார். திட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இன்று காலை மருந்து விடப் போனபோது அவள் நாளைக்கும் வாசியுங்கள் என்கிறாள். நான் போகவா, மாட்டேன் என்று சொல்லவா? போனால் அப்பாவுக்கு எதிராக நிற்கிற மாதிரி இருக்கிறது, போகாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ சொன்னது தப்பாக இருந்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன், தப்பில்லை என்பதுதான் என் கஷ்டம். அப்பாவும் "அவ சரியாத்தான் சொன்னா" என்றுதான் சொல்கிறார். அவரைத் தேற்ற நீ எதையாவது மாற்றிச் சொல்ல வேண்டாம், உனக்கும் அது வராது, அவர் பெண்தானே நீ. அடுத்த தடவை கூப்பிடும்போது அவர் பேசாவிட்டாலும் போனை அவர் காதோரம் வைக்கிறேன். உன் அறை ஜன்னலில் என்ன தெரிகிறது, பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எதையாவது பேசு. வேதத்தை மட்டும் எடுக்காதே.

பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. நீ எடுத்த வேலை கைகூடி, மனசு நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில் அப்பா "கடவுள் உன்னைக் காப்பார்" என்று தன் கையால் எழுதுவார் இல்லையா, அவருக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். பேனாவை வாங்கி அரை மணி நேரமாகக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் அன்பு
அம்மா

படி இறங்கும்போது பார்த்து இறங்கு. — அப்பா